சோற்றுப் பெட்டியின் பெயரில் ஓர் உணவகம்

(எமது நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உயர்தரம் கற்ற வகுப்பின் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு வகுப்பும் தன் துறையில் தடம் பதித்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஏற்பாட்டுக் குழுவின் வேண்டுகோள். எமது வகுப்பில் வைத்தியர்கள் அதிகம். ஆகவே யாராவது ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் தெரிவுசெய்தது ஒரு சமையற்காரியை. அவர் எமது நாட்டவரும் அல்லர், எமது மொழி பேசுபவரும் அல்லர். லாவோஸ் நாட்டிற் பிறந்து, சிறு வயதில் அகதியாகி, இன்று அமெரிக்கத் தலைநகரில் தன் நாட்டுச் சமையலுக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்திருக்கும் செங் லுவாங்ராத் என்பவர் அவர். ஏன் அவர் என்பதை உரை முடிவதற்குள் சொல்லிவிடுவோம்.

முதலில் அந்த நாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. லாவோஸ் எமது தீவைப்போல மூன்றரை மடங்கு பெரியது. மக்கள் தொகையோ எமது தொகையின் மூன்றிலொரு பங்கு மட்டுமே. சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியன்மார் ஆகிய ஐந்து நாடுகள் சுற்றி நிற்க, கடல் என்பதே இல்லாத நாடு. கடலுக்குப் பதிலாக அவர்களுக்கு மீகொங் ஆறு இருக்கிறது. மீன் அந்த ஆற்றிலிருந்தும் வயல்களிலிருந்தும் வருகிறது. கீரையும் மூங்கிற் குருத்தும் காட்டிலிருந்து வருகின்றன.

அவர்களுடைய சோறு ஒட்டரிசிச் சோறு. எமது அரிசியில் அமைலோஸ், அமைலோபெக்ரின் என்று இரண்டு வகை மாப்பொருள் உண்டு என்று உயிரியல் வகுப்பில் படித்தோம். ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை. அதனாற்றான் அந்தச் சோறு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிறது. அரிசியை இரவு முழுவதும் ஊறவிட்டு, கூம்பு வடிவ மூங்கிற் பெட்டியில் இட்டு, வாய் ஒடுங்கிய பானையின் மேல் வைத்து நீராவியில் அவிப்பார்கள். நீத்துப்பெட்டியில் பிட்டு அவித்த எவருக்கும் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. வெந்த சோற்றை மூடியுள்ள சிறிய மூங்கிற் பெட்டிகளிற் போட்டு நடுவில் வைப்பார்கள். ஆளுக்கொரு பிடி எடுத்து, விரல்களால் உருட்டி, சம்பலிலோ குழம்பிலோ தோய்த்து உண்பார்கள். அந்தச் சோற்றுப் பெட்டிக்கு அவர்கள் மொழியில் 'திப் காவ்' என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

செங் லுவாங்ராத் தலைநகர் வியன்தியானிற் பிறந்தவர். சமையலின் அரிச்சுவடியைப் பேத்தியாருக்குப் பக்கத்தில் இருந்து கற்றவர். 1975இல் நாட்டின் ஆட்சி மாறியது. மன்னராட்சி ஒழிந்தது. அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின்மீது 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைக் கொட்டியிருந்தன. வெடிக்காத குண்டுகள் இன்றும் வயல்களிலும் காடுகளிலும் கிடக்கின்றன. மூங்கிற் குருத்துக் கிண்டப் போன பெண்ணும், மாடு மேய்க்கப் போன பிள்ளையும் கால் இழந்த கதைகளை அங்குள்ள வைத்தியர்கள் சொல்வார்கள். வன்னியில் வேலை செய்த எமது தோழியருக்கு இது புதிய கதையல்ல. யுத்தமும் ஆட்சி மாற்றமும் சேர்ந்து, அந்நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை நாட்டை விட்டு வெளியேற்றின. பெரும்பாலோர் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் முகாம்களுக்குப் போனார்கள். சிறுமி செங்கும் குடும்பத்தோடு அப்படிப் போனவர்தான்.

முகாமில் அவர் செய்த காரியம்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. லாவோசின் பல மாகாணங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே அருகருகே குடியிருந்தன. வடக்கிலிருந்து வந்தவர் ஒரு மாதிரிச் சமைத்தார், தெற்கிலிருந்து வந்தவர் இன்னொரு மாதிரி. ஊரில் இருந்திருந்தால் ஒரு சிறுமி தன் வீட்டுச் சமையலை மட்டுமே அறிந்திருப்பாள். இவரோ அயல் வீட்டுக் கதவுகளைத் தட்டி, அந்தந்தப் பெண்களிடம் அவர்களுடைய சமையலைக் கற்றுக்கொண்டார். முகாம் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

1995 ஒக்டோபர் 30இன் பின் ஒரே கிணற்றிலும் ஒரே அடுப்பிலும் நாலைந்து குடும்பங்கள் காலந்தள்ளியதை எமது வகுப்பு மறக்கவில்லை. தீவுப்பகுதிப் பெண்ணின் மீன்குழம்பையும், வலிகாமத்துப் பெண்ணின் மரக்கறியையும், தென்மராட்சிப் பெண்ணின் பலாக்காய்க் கறியையும் ஒரே முற்றத்தில் உண்டோம். உண்டோமேயொழிய, ஒன்றையாவது எழுதி வைத்தவர் எமக்குத் தெரிந்து எவருமில்லை.

பின்னர் செங்கின் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து கலிபோர்னியாவிற் குடியேறியது. படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைகள் என்று ஆண்டுகள் போயின. சமையல் வீட்டுக்குள் இருந்தது. 2010இல் வொஷிங்டனுக்கு அண்மையில், வேர்ஜினியா மாநிலத்தின் போல்ஸ் சேர்ச் என்ற இடத்தில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஓர் உணவகத்தை அவர் பொறுப்பேற்றார். அதன் பெயர் 'பாங்கொக் கோல்டன்'. பெயரே சொல்வதுபோல அது தாய்லாந்து உணவகம். உணவுப் பட்டியலும் தாய்லாந்துப் பட்டியல்தான்.

ஒரு லாவோஸ் பெண் ஏன் தாய்லாந்துப் பெயரில் கடை நடத்த வேண்டும்? இதற்கு நூறாண்டுச் சரித்திரம் உண்டு. 1893இல் மீகொங் ஆற்றின் இடது கரை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. வலது கரை சியாமோடு நின்றது. ஒரே மொழி பேசி ஒரே சோறு தின்ற மக்களுக்கு நடுவே எல்லை விழுந்தது. இன்று லாவோசில் வாழும் லாவோ மக்களைவிட, தாய்லாந்தின் வடகிழக்கான ஈசான் பகுதியில் வாழும் லாவோ வழியினர் பன்மடங்கு அதிகம். ஈசானிலிருந்து வேலை தேடிப் பாங்கொக் போனவர்களோடு அவர்களுடைய சமையலும் போனது. பச்சைப் பப்பாசிக்காயை உரலில் இடித்துச் செய்யும் சம்பலும், வறுத்து அரைத்த அரிசிமாவும் பச்சிலைகளும் சேர்த்த 'லாப்' என்ற கொத்திறைச்சியும் உலகத்துக்குத் தாய்லாந்து உணவாகவே அறிமுகமாயின. அமெரிக்காவுக்கு வந்த லாவோ அகதிகள் கடை திறந்தபோது, சனங்களுக்குத் தெரிந்த பெயரையே பலகையில் எழுதினார்கள். லாவோஸ் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உலகப்படம் காட்டிக்கொண்டிருந்தால் யாபாரம் நடக்குமா?

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் நடத்தும் எத்தனையோ கடைகளின் பலகையில் 'தென்னிந்திய உணவு' என்று இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே போனால் தோசையும் சாம்பாரும் முன்வரிசையில் இருக்கும். ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் கேட்டால், 'அது வீட்டில் செய்கிறதுதானே அக்கா' என்ற பதில் வரும்.

செங்கின் கடையிலும் லாவோ உணவு முதலில் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. தெரிந்தவர்கள் கேட்டால் வரும். லாவோ குடும்பங்கள் வந்து கேட்டன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, 'அவர்கள் சாப்பிடுவது என்ன, எங்களுக்கும் அதுவே வேண்டும்' என்று கேட்கத் தொடங்கினார்கள். மறைவாக இருந்தது மெல்ல மெல்லப் பட்டியலுக்கு வந்தது. 2014இல் வொஷிங்டன் நகரத்துக்குள், கொலம்பியா ஹைட்ஸ் என்ற பகுதியில், அவர் தன் இரண்டாவது கடையைத் திறந்தார். இந்த முறை பாங்கொக் இல்லை. பலகையில் எழுதிய பெயர் 'திப் காவ்'. சோற்றுப் பெட்டி. லாவோ உணவு என்று வெளிப்படையாகச் சொன்ன கடை.

சில ஆண்டுகளில் பழைய கடையின் பெயரையும் மாற்றினார். புதுப் பெயர் 'பாடேக்'. பாடேக் என்பது ஆற்றுமீனை உப்பும் தவிடும் சேர்த்துச் சாடியில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் புளிக்கவிட்டுச் செய்வது. அதன் மணம் அயல் முழுவதும் தெரியும். கருவாடு பொரிக்கும்போது வெளிநாட்டில் யன்னல்களை இழுத்துப் பூட்டும் எங்களுக்கு, அப்படி ஒரு மணத்தின் பெயரையே முன்கதவில் எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது விளங்கும்.

மிச்லின் வழிகாட்டி வொஷிங்டன் நகருக்கு முதன்முதலாக 2016இல் வெளிவந்தபோது, நியாய விலையில் நல்ல உணவு தரும் கடைகளுக்கான 'பிப் குர்மொண்' பட்டியலில் திப் காவ் இருந்தது. அமெரிக்கச் சமையற் துறையில் பெருமதிப்புள்ள ஜேம்ஸ் பியர்ட் விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. அவருடைய மகன் போபி பிரடசித் முறையான சமையற் கல்லூரியிற் படித்துவிட்டு, பெயர்பெற்ற சமையலறைகளில் வேலை செய்துவிட்டுத் தாயோடு வந்து சேர்ந்தார். இருவருமாக 2019இல் 'ஹனுமான்' என்ற இன்னொரு கடையைத் திறந்தார்கள். ஆம், எமது அனுமார்தான். இராம கதை லாவோசிலும் உண்டு. கொரோனாக் காலம் அந்தக் கடையைப் பொறுக்க விடவில்லை. மற்றக் கடைகள் தொடர்ந்து நடந்தன.

விருதுகளுக்கு மேலாக நாங்கள் மதிப்பது வேறொன்றை. லாவோ உணவு இயக்கம் என்ற பெயரில் அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் தாய்லாந்துப் பெயரில் சமைத்துக்கொண்டிருக்கும் லாவோ சமையற்காரர் எல்லோரும் தம் உணவைத் தம் பெயரிலேயே சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். தன் கடை மட்டும் ஓடினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. திப் காவின் பட்டியலில் 'காட்டுக்குப் போவோம்' என்ற பொருளில் ஒரு பகுதியே வைத்தார். உள்ளுறுப்பு இறைச்சி, கடுங்காரம், பலமான பாடேக் மணம் எல்லாம் அதற்குள் அடங்கும். வெள்ளைக்காரர் நாக்குக்காகக் குறைக்காமல், விரும்புகிறவர் எங்கள் பக்கம் நடந்து வரட்டும் என்ற அழைப்பு அது.

இப்போது வைத்தியர்களாகச் சில வார்த்தைகள். இதைச் சொல்லாவிட்டால் எமது தொழிலுக்கு நாங்கள் நேர்மையானவர்கள் அல்லர்.

பாரம்பரிய உணவு என்றால் எல்லாமே நல்லது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். லாவோசிலும் ஈசானிலும் ஆற்றுமீனைப் பச்சையாகவோ அரைகுறையாகப் புளிக்கவைத்தோ உண்ணும் வழக்கம் உண்டு. அந்த மீன்களில் ஈரல் தட்டைப்புழு என்ற ஒட்டுண்ணியின் குடம்பிகள் இருக்கும். அவை மனிதரின் பித்தக்கான்களிற் குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழும். இந்தப் புழு பித்தக்கான் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று தாய்லாந்தின் வடகிழக்கு. ஆனால் மீனை நன்றாகச் சூடாக்கினால் குடம்பிகள் செத்துவிடும். பாடேக்கை நன்றாகக் கொதிக்கவைத்து வடித்துப் பாவித்தால் உணவும் தப்பும், ஆளும் தப்புவார். ஆபத்து அந்த உணவின் பெயரில் இல்லை, செய்முறையின் ஒரு படியில் இருக்கிறது.

எமது ஒடியலை எண்ணிப் பாருங்கள். ஒடியல் மாவை அப்படியே எடுத்து எந்த அம்மாவும் கூழ் காய்ச்சியதில்லை. நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மேல் தண்ணீரை வார்த்து, கசப்பு நீங்கிய பிறகுதான் எடுப்பார். ஏன் என்று கேட்டால், 'அப்பிடித்தான் செய்ய வேணும் பிள்ளை' என்பார். அந்த ஒரு வரியில் பல தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. பனம்பொருள் கடையில் பைக்கற்றாக வாங்கும் மகளுக்கு அந்த வரி பைக்கற்றோடு வருவதில்லை. பேத்தியாரின் சொல் அறுந்தால் ருசி போவதோடு பாதுகாப்பும் போகிறது.

இன்னொன்று. சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வருகிற எமது சனங்களுக்கு, உலகின் எந்த மூலையிலும் வைத்தியசாலையில் ஓர் உணவுத் தாள் கொடுப்பார்கள். அதில் ஓட்ஸ் இருக்கும், புரொக்கொலி இருக்கும், சலாது இருக்கும். குரக்கன் இருக்காது, முருங்கை இலை இருக்காது, வல்லாரை இருக்காது. பிட்டு எவ்வளவு சாப்பிடலாம், அதில் தேங்காய்ப்பூ எவ்வளவு போடலாம், எந்தக் கறியோடு சாப்பிட்டால் சீனி மெதுவாக ஏறும், கருவாட்டின் உப்பை எப்படிக் குறைக்கலாம் என்று எதுவும் இருக்காது. வயதான அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பிறகு ஒன்று, தன் சாப்பாடே நஞ்சு என்று பயந்து இரண்டு பிஸ்கட்டோடு படுப்பார். அல்லது தாளை மறந்துவிட்டு வழமைபோலச் சாப்பிடுவார். இரண்டையும் நாங்கள் அன்றாடம் காண்கிறோம். எமது உணவு எழுத்தில் இல்லை, அதனால் வைத்தியத்திலும் இல்லை. செங் லுவாங்ராத்தின் கதை எங்களைத் தொட்ட இடம் இதுதான். தன் உணவுக்குப் பெயர் சொல்லாதவரை அது மற்றவர் கணக்கில் வராது.

எழுதி வைப்பதைப் பற்றி லாவோசிலிருந்தே இன்னொரு கதை உண்டு. லுவாங் பிரபாங் அரண்மனையில் பியா சிங் என்ற தலைமைச் சமையற்காரர் இருந்தார். 1898இல் பிறந்து 1967இல் மறைந்தவர். சமையலோடு வைத்தியம், சிற்பம், கவிதை, நடனம் என்று பல கலைகளும் தெரிந்தவர். சாவதற்கு முன் தன் சமையற் குறிப்புகளைத் தன் கைப்படக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை முடிக்குரிய இளவரசர் கைக்கு வந்தன. அக்காலத்தில் பிரித்தானியத் தூதுவராக இருந்த அலன் டேவிட்சன் மீன் உணவுகளைப் பற்றி ஆராய்பவர். இளவரசர் அவரிடம் அந்தக் குறிப்பேடுகளைக் காட்ட, அவர் பிரதியெடுத்துக்கொண்டார். 1975இல் அரசாட்சி வீழ்ந்தது. பின்னர் அரச குடும்பத்தை வடகிழக்கு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இளவரசர் திரும்பி வரவில்லை. அரண்மனைச் சமையலறையில் அடுப்பு அணைந்தது. ஆனால் அந்தப் பிரதி 1981இல் லாவோ மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் புத்தகமாக வந்தது. மிளகுக் குடும்பத்துக் கொடியின் தண்டைப் போட்டுச் செய்யும் லுவாங் பிரபாங் குழம்பு எப்படி என்று அறிய விரும்பும் எவரும் இன்றைக்கும் அதைப் புரட்டலாம்.

அவர் எழுதாமல் விட்டிருந்தால், அல்லது ஒருவர் பிரதியெடுக்க ஓராண்டு பிந்தியிருந்தால், நிலைமை என்ன என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1981இல் எரிந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இனி, நாங்கள் கேட்டு வந்த விஷயம். எமது கல்லூரிக்கு நூறு வயது. எங்களிடையே எண்பதைத் தாண்டிய அக்காமார் இருக்கிறார்கள். மனையியல் வகுப்பில் எங்களுக்குக் கேக்கும் கஸ்ரட்டும் அளவோடு எழுதித் தந்தார்கள். கொப்பியில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் பாலூட்டும் தாய்க்குச் சரக்கரைத்துக் காய்ச்சும் கறியும், கூழும், வரகுச் சோறும், இலைக்கஞ்சியும் அந்தக் கொப்பியில் ஏறவில்லை. வீட்டில்தானே இருக்கிறது என்று விட்டோம். வீடுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். சிட்னியில், ஒஸ்லோவில், சூரிச்சில், மொன்றியலில், கொழும்பில், சில இன்னும் ஊரில்.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரேயொரு பக்கம் எழுதித் தாருங்கள். உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்த பெண்ணிடம் ஒரு சமையலைக் கேட்டு எழுதுங்கள். சுண்டு, கொத்து, ஒரு சிறங்கை என்று அவர் சொல்லும் அளவையே எழுதுங்கள், பக்கத்தில் கிராம் கணக்கையும் நிறுத்துப் போடுங்கள். எந்த ஊர்ச் சமையல் என்று ஊரின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். 'இதை மட்டும் விடக்கூடாது' என்று அவர் அழுத்திச் சொல்லும் படியைச் சிவப்பு மையில் எழுதுங்கள், காரணம் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். காரணத்தை நாங்கள் தேடுவோம். எமது வகுப்பின் வைத்தியர்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்து, சலரோகக்காரருக்கு எவ்வளவு, சிறுநீரக வருத்தக்காரருக்கு எப்படி, பிள்ளைத்தாய்ச்சிக்கு எது என்று ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி சேர்ப்போம். சேர்த்ததைத் தமிழில் ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும், ஒரு பிரதி ஒவ்வொரு கிளையிலும் வைப்போம். ஒரே இடத்தில் வைக்க மாட்டோம்.

சமைக்கத் தெரியாது என்று சொல்லும் தங்கைமாருக்கும் இதில் இடம் உண்டு. முகாமில் கதவு தட்டிய அந்தச் சிறுமிக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு இன்றிரவே தொலைபேசி எடுங்கள். அவர் மூன்று மணித்தியாலம் கதைப்பார். பேனாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.